மொட்டைமாடிச் சூரிய மின்சாரம்: சங்கத்துக்கு மானியம் உண்டா?

கேள்வி: 24 வீடுகள் உள்ள எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் லிஃப்ட், தண்ணீர் மோட்டார், படிக்கட்டு விளக்குகள் ஆகியவற்றுக்காகப் பொதுவில் சோலார் அமைத்தால் அரசு மானியம் கிடைக்குமா?
– வாசகி, சென்னை

பதில்: கிடைக்கும். 2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய 'பி.எம். சூர்ய கர்' திட்டத்தில், குடியிருப்போர் சங்கங்களின் பொதுப் பயன்பாட்டுக்கு ஒரு கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு. வீட்டுக்கு 3 கிலோவாட் என்ற கணக்கில் அதிகபட்சம் 500 கிலோவாட் வரை இது பொருந்தும். மின்வாகனம் சார்ஜ் செய்யும் வசதியும் இதில் அடங்கும். நீங்கள் 10 கிலோவாட் அமைத்தால் 1,80,000 ரூபாய் வரும். ஆனால், தகடுகளைப் பொருத்தி, நெட் மீட்டர் (மின்வாரியத்துக்கு அனுப்பும் மின்சாரத்தையும் அதிலிருந்து எடுக்கும் மின்சாரத்தையும் கணக்கிடும் மீட்டர்) இணைத்து, ஆய்வு முடிந்த பிறகே பணம் வங்கிக் கணக்கில் சேரும் என்பதால், முழுச் செலவையும் முதலில் சங்கமே திரட்ட வேண்டியிருக்கும். ஆகவே பொதுக்குழுவில் தீர்மானம் நிறைவேற்றிய பின் விண்ணப்பிப்பதே நல்லது. தகடுகள் இந்தியத் தயாரிப்பாக இருப்பதும் கட்டாயம்.

ஒப்பந்தம் போடுமுன், மாலை நான்கு மணிக்கு ஒருமுறை மாடிக்குச் சென்று, தண்ணீர்த் தொட்டியின் நிழல் எதுவரை நீள்கிறது என்று பாருங்கள். ஒரு தகட்டின் மீது விழும் நிழல், அதனுடன் தொடராக இணைந்த மற்றத் தகடுகளின் உற்பத்தியையும் குறைத்துவிடக்கூடும்.