கனடாப் பார்சலில் வந்த குளிசைகள் கருமுட்டையைத் தேற்றுமா?

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "எனக்கு வயது 37. கொழும்பில் செய்த முதல் ஐவிஎஃப் (உடலுக்கு வெளியே கருக்கட்டும் சிகிச்சை) சரிவரவில்லை. முட்டையின் தரம் போதாது என்றார்கள். கனடாவிலிருக்கும் மச்சாள் கோஎன்சைம் கியூ10, விற்றமின் ஈ, மல்ரிவிற்றமின், தலைமுடிக் குளிசை என்று நாலு போத்தல் அனுப்பியிருக்கிறா. ஆறு மாதம் போட்டுவிட்டு அடுத்த சுற்றுக்குப் போகலாமா? இரத்தத்தில் அன்ரிஒக்சிடன்ட் அளவு பார்க்க வேண்டுமா?"

ஆறு மாதம் பொறுக்க வேண்டாம். உங்கள் வயதில் குளிசை தரக்கூடிய நன்மையைவிடக் காத்திருக்கும் காலம் பறிப்பது கூட.

முதிர்ந்த முட்டை ஒன்றுக்குள் இலட்சத்துக்கும் மேற்பட்ட இழைமணிகள் இருந்து சக்தியை உண்டாக்குகின்றன. அந்த வேலையில் கலத்தைத் தாக்கும் ஒட்சிசன் மூலக்கூறுகளும் உருவாகும். அவற்றை அடக்குவதுதான் அன்ரிஒக்சிடன்ட். முட்டையோடு சேர்த்து உறிஞ்சி எடுக்கும் திரவத்தில் இதன் அளவை ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. இதற்குக் கீழே போனால் சிகிச்சை வேண்டும் என்று ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவுகோலும் இல்லை. அந்த இரத்தப் பரிசோதனைக்குக் காசு செலவழிக்காதீர்கள்.

சரி, கியூ10, விற்றமின் ஈ போன்ற அன்ரிஒக்சிடன்ட் குளிசை? மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பின் 2020 மீளாய்வு 63 ஆய்வுகளையும் 7,760 பெண்களையும் சேர்த்துப் பார்த்தது. குழந்தை பிறக்கும் வாய்ப்புக் கூடலாம் என்றது. சான்றுகளின் தரம் மிகக் குறைவு என்றும் சேர்த்தே சொன்னது. வயதோடு வரும் சிக்கல் பெரும்பாலும் முட்டையில் நிறமூர்த்தங்கள் (மரபணுக்களைத் தாங்கும் இழைகள்) சரியாகப் பிரியாததுதான். அதைக் குளிசை திருத்தும் என்று நிரூபிக்கப்படவில்லை. முட்டை வளரும் சிறு பையின் கடைசிக்கட்ட வளர்ச்சிக்கு ஏறத்தாழ 85 நாள் எடுக்கும். ஆகவே டொக்டர் சம்மதித்தால், பரிசோதனை, காசு என்று நீங்கள் ஒழுங்குபண்ணும் இரண்டு மூன்று மாதத்துக்குள்ளேயே கியூ10ஐப் போடலாம்.

மற்றப் போத்தல்களின் லேபிளைத் திருப்பிப் பாருங்கள். விற்றமின் ஏ ரெற்றினோல் வடிவில் இரண்டு மூன்றில் இருந்தால் கூட்டுத்தொகை ஏறிவிடும். நாளொன்றுக்கு 10,000 சர்வதேச அலகை (IU) தாண்டினால் கருவுக்கே ஆபத்து. தலைமுடிக் குளிசையில் வழமையாக இருக்கும் பயோட்டின் தைரொயிட் உட்பட சில ஹோர்மோன் பரிசோதனைகளின் முடிவைப் பிழையாகக் காட்டும். அதைப் போடாமல் ஒதுக்கி வைத்துவிடுங்கள், மச்சாள் கோபித்தாலும் பரவாயில்லை. போலிக் அமிலம் மட்டும் கட்டாயம், தினம் 400 மைக்ரோகிராம். அது முட்டைக்காக அல்ல, பிள்ளையின் மூளையும் முள்ளந்தண்டும் சரியாக உருவாவதற்காக. உங்கள் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள்.

சாப்பாட்டில் வன்னிக்குக் குறையில்லை. 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் விற்றமின் சி உண்டு. முருங்கையிலையைச் சத்துக் கெடாமல் கடைசியாகப் போட்டு, ஒரு கொதியில் இறக்குங்கள். வீட்டில் அவர் சிகரெட் பத்துபவரென்றால் இன்றோடு நிற்கட்டும். புகை முட்டைக்கும் கேடு, விந்துக்கும் கேடு.

"தரம் போதாது" என்ற ஒரு வசனத்தோடு அடுத்த சுற்றைத் தொடங்க வேண்டாம். எத்தனை முட்டை எடுத்தார்கள், எத்தனை முதிர்ந்திருந்தன, எத்தனை கருக்கட்டின, கரு எத்தனையாம் நாளில் நின்றது என்று கிளினிக்கில் எழுதி வாங்குங்கள். ஊசி மருந்தின் அளவை மாற்றுவதா, விந்தை இன்னொரு தடவை பார்ப்பதா என்பதை டொக்டர் அதை வைத்துத்தான் முடிவெடுப்பார். போகும்போது அந்த நாலு போத்தலையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள்.