கொக்கிச் சுமைதான் கணக்கு: வாசகர் கேள்வி–பதில்

எஸ்யூவியில் ட்ரெய்லர் இழுப்பது பற்றி ஆஸ்திரேலிய வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். விதிகளும் எடை வரம்புகளும் ஆஸ்திரேலியாவுக்கு உரியவை.

வாசகர், டான்டினாங், மெல்பேர்ன்: புல் வெட்டும் தொழில் செய்கிறேன். வாரத்தில் ஐந்து நாளும் பிரேக் இல்லாத 6க்கு 4 அடி ட்ரெய்லர் இழுக்க வேண்டும். பள்ளி விடுமுறைக்கு ஐந்து பேர் குடும்பத்தோடு 1,400 கிலோ கேம்பரும் (மடக்குக் கூடாரம் உள்ள ட்ரெய்லர்) இழுக்க ஆசை. வாங்க நினைக்கும் ஐந்து சீட் எஸ்யூவியின் இழுதிறன் 1,500 கிலோ என்கிறார்கள். போதுமா?

தொழிலுக்குப் போதும். கேம்பருக்குப் போதாது. விற்பனையாளர் சொன்ன 1,500 தவறான எண் இல்லை. ஆனால் உங்களுக்கு முதலில் இடிக்கப்போவது அந்த எண் இல்லை.

ட்ரெய்லரின் முன்மூக்கு, டோபார் (காரின் பின்னால் பொருத்தும் இழுவைக் கம்பி) உருண்டையின் மேல் ஒரு எடையை வைக்கிறது. டோபார் தகட்டில் அதை 'பால் லோட்' (ball load) என்று போட்டிருப்பார்கள். நாம் கொக்கிச் சுமை என்போம். அது ட்ரெய்லரின் மொத்த எடையில் சுமார் 10 சதவீதம் இருப்பது நல்லது. ஆகவே 1,400 கிலோ கேம்பருக்கு 140 கிலோ. அந்த 140 கிலோவைச் சுமப்பது கார்தான். டிக்கியில் இரண்டு பெரியவர்களை உட்கார வைத்ததற்குச் சமம்.

இந்த அளவு வண்டிகளில் சாதாரணமாகப் பார்க்கும் எண்களை வைத்துக் கணக்குப் போடுவோம். காரின் வெற்று எடை 1,720 கிலோ. ஆட்களும் சாமானும் ஏறியபின் இருக்கலாகும் உச்ச எடை, அதாவது ஜிவிஎம், 2,230 கிலோ. மிச்சம் 510 கிலோ, அதுதான் சுமைதிறன். ஐந்து பேருக்குத் தலைக்கு 75 வீதம் 375. டோபாருக்கு 30. கொக்கிச் சுமை 140. கூட்டினால் 545. ஒரு பெட்டிகூட ஏற்றாமலே 35 கிலோ மீறிவிட்டீர்கள்.

பின் அச்சின் நிலை இன்னும் மோசம். உருண்டை பின் அச்சுக்கு 1.1 மீட்டர் பின்னால் இருக்கிறது, முன்பின் அச்சுகளுக்கு நடுவே 2.7 மீட்டர் என்று கொள்ளுங்கள். நெம்புகோல் கணக்குப்படி 140 கிலோவை வைத்தால் முன் அச்சிலிருந்து 57 கிலோ கழன்று பின்னால் போகும். பின் அச்சு 197 கிலோ கூடுதலாகத் தாங்கும். முகப்பு விளக்கு எதிரே வருபவர் கண்ணில் அடிப்பதும், ஸ்டியரிங் லேசாகிவிடுவதும், ஈரத்தில் முன் டயர் பிடிப்பு குறைவதும் இதனால்தான்.

மூன்றாவதாக ஜிசிஎம். காரும் ட்ரெய்லரும் சேர்ந்து இருக்கலாகும் உச்ச எடை அது. இதே வண்டிக்கு 3,600 என்றால், கார் 2,230க்கு நிரம்பியபின் ட்ரெய்லர் சக்கரங்களின் மேல் 1,370 கிலோதான் இருக்கலாம். இந்த எண் விளம்பரத் தாளில் பெரும்பாலும் இருக்காது. கையேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.

உங்கள் குடும்பத்துக்கு 2,000 கிலோ இழுதிறன், 200 கிலோ கொக்கிச் சுமை வரம்பு, 650 கிலோவுக்குக் குறையாத சுமைதிறன் உள்ள வண்டி பொருந்தும். வாங்கியபின் ஒருமுறை முழுக் குடும்பத்தோடும் சாமானோடும் பொது எடைமேடைக்குப் போங்கள். ட்ரெய்லரை மாட்டியபடியே காரின் நான்கு சக்கரத்தை மட்டும் மேடையில் நிறுத்தி ஒரு எடை. இரண்டும் சேர்ந்து ஒரு எடை. பிறகு ட்ரெய்லரைக் கழற்றித் தனியாக ஒரு எடை. முதல் எண்ணை ஜிவிஎம்முடனும், இரண்டாவதை ஜிசிஎம்முடனும், மூன்றாவதை ட்ரெய்லர் தகட்டில் உள்ள ஏடிஎம்முடனும், அதாவது சுமையோடு ட்ரெய்லர் இருக்கலாகும் உச்ச எடையுடனும் ஒப்பிடுங்கள். வரம்பு மீறியிருந்தால் விபத்துக்குப் பின் இன்சூரன்ஸ் கோரிக்கை நிராகரிக்கப்படலாம்.

தொழில் ட்ரெய்லரில் எச்சரிக்கை வேண்டியது மண் ஏற்றும்போதுதான். பிரேக் இல்லாத ட்ரெய்லர் சுமையோடு 750 கிலோவைத் தாண்டக் கூடாது. உங்கள் காருக்கு அதைவிடக் குறைந்த வரம்பு இருந்தால் அதுதான் கணக்கு. வெற்று ட்ரெய்லர் 200 கிலோ என்றால் ஏற்ற 550தான் மிச்சம். ஈர மண் ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 1,500 கிலோ. 1.8 மீட்டருக்கு 1.2 மீட்டர் தட்டில் 17 சென்டிமீட்டர் உயரம் பரப்பினாலே 550 கிலோ ஆகிவிடும், ஒரு சாண்கூட இல்லை. வெட்டிய புல்லை விளிம்பு வரை ஏற்றிப் பழகிய கை மண்ணையும் அப்படியே ஏற்றிவிடும்.

கியர்பாக்ஸையும் சொல்ல வேண்டும். ஆண்டுக்கு இரண்டு முறை இழுப்பவரும் வாரம் ஐந்து நாள் இழுப்பவரும் ஒரே சர்வீஸ் அட்டவணையில் ஓட்டக் கூடாது. கையேட்டில் 'கடும் பயன்பாடு' என்று தனிப் பட்டியல் இருந்தால் உங்களுடையது அதுதான். கியர்பாக்ஸ் ஆயில் சூட்டில்தான் கெடும். கருத்து, கருகல் வாடை வந்தபின் மாற்றுவது தாமதம். பழைய வண்டி வாங்குவதானால் டோபார் உருண்டை தேய்ந்து பளபளக்கிறதா என்று முதலில் பாருங்கள். தேய்ந்திருந்தால் ஆயில் மாற்றிய ரசீது கேளுங்கள்.

வாசகர், டூங்காபி, சிட்னி: 95 கிலோமீட்டர் வேகத்தில் கேரவன் வாலாட்டத் தொடங்குகிறது. லாரி கடந்துபோனால் இன்னும் மோசம். வேகத்தைக் கூட்டினால் நேராகிவிடும் என்கிறார் நண்பர். சரியா?

வேண்டவே வேண்டாம். ட்ரெய்லர் ஒருமுறை அசைந்தால் அந்த அசைவு தானாக அடங்க வேண்டும். வேகம் கூடக் கூட அடங்கும் தன்மை குறைகிறது. ஒரு வேகத்துக்கு மேல் ஒவ்வொரு அசைவும் முந்தியதைவிடப் பெரிதாகும், அங்கேதான் வண்டிகள் கவிழ்கின்றன. உங்கள் கேரவன் அந்த எல்லைக்குப் பக்கத்தில் ஓடுகிறது.

ஆடத் தொடங்கினால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள். எதிர்ப்பக்கம் திருப்பித் திருத்தப் பார்த்தால் ஆட்டம் கூடும். காரின் பிரேக்கைத் தொடாதீர்கள். எலக்ட்ரிக் பிரேக் உள்ள ட்ரெய்லர் என்றால், டாஷ்போர்டில் உள்ள ட்ரெய்லர் பிரேக் கன்ட்ரோலரின் கைப் பொத்தானை மட்டும் மெல்ல அழுத்துங்கள்; பின்னாலிருந்து இழுத்து நேராக்கிவிடும்.

காரணம் பெரும்பாலும் ஏற்றிய விதம். கேரவனின் பின் பம்பரில் மாட்டிய இரண்டு சைக்கிள், உபரி டயர், பின்புறத் தண்ணீர்த் தொட்டி ஆகியவை கொக்கிச் சுமையைக் குறைப்பதோடு, கடைசி முனையில் இருப்பதால் ஊசல்போல ஆட்டத்தையும் வளர்க்கும். கனமான சாமானை அச்சுக்குச் சற்று முன்னால், தரையோடு வையுங்கள்.

கொக்கிச் சுமையை வீட்டுக் குளியலறைத் தராசிலேயே அளக்கலாம். சமதரையில் சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். உறுதியான பலகையின் ஒரு முனையைச் செங்கல் மேலும், 4 அடி தள்ளி மறு முனையைத் தராசு மேலும் வைத்து, செங்கலிலிருந்து 1 அடியில் ஒரு கட்டையை நிறுத்தி அதன்மேல் கப்ளிங்கை (உருண்டையைக் கவ்வும் ட்ரெய்லரின் முன்மூக்கு) இறக்குங்கள். இழுக்கும்போது இருக்கும் உயரத்திலேயே கப்ளிங் நிற்க வேண்டும். தராசு காட்டும் எண்ணை 4ஆல் பெருக்குங்கள். 35 காட்டினால் 140. பலகையின் எடை சேராதிருக்க, முதலில் வெறும் பலகையோடு தராசு காட்டுவதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

டயர் காற்றையும் பாருங்கள். காரின் பின் டயருக்குக் கதவோரத் தகட்டில் முழுச் சுமைக்கென்று உள்ள அளவு வேண்டும். எடையை முன்னுக்குத் தள்ளும் கம்பி அமைப்பைக் கடையில் பரிந்துரைப்பார்கள். மோனோகாக் உடல் (தனிச் சட்டம் இல்லாமல் உடலே சட்டமாக அமைந்தது) கொண்ட பல எஸ்யூவிகளுக்கு நிறுவனமே அதை அனுமதிப்பதில்லை, கையேடு பார்க்காமல் மாட்டாதீர்கள். மாட்டினாலும் கொக்கிச் சுமை வரம்பு ஒரு கிலோகூட உயராது.

வாசகி, பெண்டில் ஹில், சிட்னி: வொலொங்கொங்குக்கு இறங்கும்போது பிரேக்கில் கருகல் வாடை வந்தது. பெடலும் ஆழமாகப் போனது. பிரேக் பேட் மாற்ற வேண்டுமா?

மாற்றிப் பாருங்கள், ஆனால் பேட் மட்டும் காரணம் என்று விட்டுவிடாதீர்கள். காரும் ட்ரெய்லருமாக 3,500 கிலோ, 300 மீட்டர் உயரத்திலிருந்து இறங்குகிறது என்றால், அதில் வெளிப்படும் சக்தி 30 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதுமான வெப்பம். எஞ்சின் வாங்கிக்கொள்ளாத பங்கையெல்லாம் சாப்பாட்டுத் தட்டளவு இரும்புத் தட்டுகள் வாங்குகின்றன. பெடல் ஆழமாகப் போனது பிரேக் ஆயில் கொதித்து ஆவிக் குமிழி விட்டதால் இருக்கலாம். அந்த ஆயில் ஈரத்தை இழுக்கும். பழசானால் சீக்கிரம் கொதிக்கும். அதை மாற்றாமல் அடுத்த இறக்கத்துக்குப் போகாதீர்கள்.

இறக்கம் தொடங்குவதற்கு முன்பே கியரைக் குறையுங்கள். ஏறும்போது எந்த கியர் தேவைப்பட்டதோ அதே கியரில் இறங்குங்கள். வேகம் கூடினால் ஒருமுறை உறுதியாக அழுத்தி 15 கிலோமீட்டர் குறைத்து, பிரேக்கை முழுதாக விட்டுவிடுங்கள். காலை லேசாக வைத்துக்கொண்டே இறங்குவதுதான் கருக்குகிறது.

ட்ரெய்லர் பிரேக் வேலை செய்கிறதா என்பதும் கேள்வி. சமதளத்தில் 40 கிலோமீட்டரில் போய்க் கன்ட்ரோலரைக் கையால் மட்டும் அழுத்துங்கள். ட்ரெய்லர் பின்னுக்கு இழுப்பது தெளிவாகத் தெரிய வேண்டும்; சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கக் கூடாது.

வாசகர், பிரிஸ்பேன்: இண்டிகேட்டர் போட்டால் ட்ரெய்லரின் பின் விளக்கும் சேர்ந்து சிமிட்டுகிறது.

எர்த், அதாவது மின்சாரம் திரும்பிப் போகும் வயரில் கோளாறு. 7 முனை (pin) தட்டை பிளக்கில் மூன்றாவது, வெள்ளை வயர். அது ட்ரெய்லரின் இரும்புச் சட்டத்தில் போல்ட் போட்ட இடத்தில் துரு பிடித்திருக்கும். சுரண்டி, புது ரிங் டெர்மினல் போட்டு, மேலே கிரீஸ் தடவுங்கள். புது மாடல் காரில் விளக்கு வயரை வெட்டி இணைக்காதீர்கள், ட்ரெய்லர் மாட்யூல் (ட்ரெய்லர் விளக்குகளுக்கான தனி மின்னணுப் பெட்டி) வேண்டும். அது இருந்தால்தான் ட்ரெய்லர் மாட்டியிருப்பது பல கார்களுக்குத் தெரியும், வாலாட்டத்தை அடக்கும் வசதியும் இயங்கும்.

வாசகர், பெர்த்: படகு ட்ரெய்லரில் ஆண்டுதோறும் பேரிங் போகிறது. மட்டமான பேரிங்கா?

பேரிங் மேல் பழி போடாதீர்கள். நெடுஞ்சாலையில் ஓடிச் சூடான ஹப்பை (பேரிங் இருக்கும் சக்கரத்தின் நடுப்பகுதி) நேராகக் குளிர்ந்த கடல்நீரில் இறக்குகிறீர்கள். உள்ளே உள்ள காற்று சட்டென்று சுருங்கி, தேய்ந்த சீல் வழியாக உப்புநீரை உறிஞ்சுகிறது. அடுத்த வாரம் திறந்தால் கிரீஸ் பால்கலந்த தேநீர் நிறத்தில் இருக்கும். ஒரு மாதத்தில் உருளைகளில் துருப்புள்ளி.

படகுத்துறைக்குப் போனதும் 20 நிமிடம் நிறுத்தி, ஹப்பில் கை வைக்கும்படி ஆறியபின் இறக்குங்கள். விளக்குப் பிளக்கையும் அப்போதே கழற்றிவிடுங்கள். பேரிங் மாற்றும்போது சீலையும் புதிதாகப் போடுங்கள். பழைய சீலை நிமிர்த்தித் திரும்பப் போடுவதுதான் அடுத்த ஆண்டுச் செலவு. நட்டை இறுக்கும்போது சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே இறுக்கி, பிறகு சற்றுத் தளர்த்திப் பூட்டுப்பின் போடுங்கள். முதல் 50 கிலோமீட்டரில் நிறுத்தி இரண்டு ஹப்பையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் கை வைக்க முடியாமல் சுட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். மேற்கொண்டு ஓட்டினால் சக்கரம் கழன்றுவிடக்கூடும்.