எவர்சில்வர் வண்டியும் உப்புக் காற்றும்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: பாம்பனில் மீன் வியாபாரம் செய்கிறேன். போன ஆண்டு ஒரு ‘குட்டி யானை’ வாங்கி, பின்பக்கப் பெட்டியை முழுவதும் எவர்சில்வர் தகட்டில் கட்டச் சொன்னேன். பெயிண்ட் தேவையில்லை, ஆயுசுக்கும் துருப்பிடிக்காது என்றார் பாடி கட்டிய பட்டறைக்காரர். எட்டு மாதத்தில் தேநீர் சிந்தியதுபோலத் தகடெங்கும் பழுப்புக் கறை. மைத்துனர் இரும்பு நார் வைத்துத் தேய்த்தார். இரண்டு நாள் பளிச்சென்று இருந்தது. பிறகு முன்பைவிட மோசமாகிவிட்டது. ரசீதில் ‘எஸ்.எஸ். தகடு’ என்று மட்டும் போட்டிருக்கிறது. என்னை ஏமாற்றிவிட்டார்களா? பழையபடி ஆக்க முடியுமா? வழக்குப் போடலாமா?

பதில்: பழையபடி ஆக்க முடியும், பெரும்பாலும் உங்கள் கையாலேயே. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் கவலை அதிகம் தெரிகிறது.

‘எவர்சில்வர்’ என்று நாம் வைத்த பெயர்தான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம். அது துருவே பிடிக்காத உலோகம் அல்ல. இரும்போடு குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் சேர்த்தது. அந்தக் குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத மிக மெல்லிய தோலாகத் தகட்டை மூடிக்கொள்கிறது. கீறல் விழுந்தால், இடம் சுத்தமாக இருந்து காற்றும் பட்டால், தோல் தானாகவே மறுபடி வளர்ந்துவிடும். அந்தத் தோலைத் துளைப்பது உப்பிலுள்ள குளோரைடு. பாம்பனில் தென்கடலிலிருந்தும் வடகடலிலிருந்தும் அதுதான் வந்துகொண்டே இருக்கிறது; கச்சான் காற்று அடித்தால் ஒரு பக்கம், வாடைக் காற்று அடித்தால் மறுபக்கம். விடியற்காலையில் வெளியே நிற்கும் எந்த வண்டியின் மேலும் விரலால் ஒரு கோடு இழுத்து நாக்கில் வைத்துப் பாருங்கள், கரிக்கும். இரவுப் பனி அந்த உப்பை நனைக்கிறது, வெயில் காய வைக்கிறது, மறுநாள் மறுபடி நனைகிறது. காயக் காய உப்பின் செறிவு கூடிக்கொண்டே போகும். காரைக்குடியிலிருக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், கடற்காற்றில் உலோகங்கள் எப்படி அரிக்கப்படுகின்றன என்று பார்க்க மண்டபத்தில் சோதனைக் களம் வைத்திருக்கிறது. ஆராய்ச்சிக்காரர்கள் தேடி வந்த அதே கரையில்தான் உங்கள் வண்டி தினமும் நிற்கிறது.

‘வீட்டில் எவர்சில்வர் குடம் முப்பது ஆண்டாக அப்படியே இருக்கிறதே’ என்று கேட்பீர்கள். குடம் தினமும் தேய்த்து, அலசி, கவிழ்த்து வைக்கப்படுகிறது. வண்டிக்கு அந்தப் பராமரிப்பு கிடைப்பதில்லை. என் வீட்டு மாடிப்படிக் கைப்பிடியிலேயே இதைப் பார்த்தேன். மழை நேராக விழும் மேல்பக்கம் தெளிவாக இருந்தது. மழை எட்டாத அடிப்பக்கம், விரலை வளைத்துத்தான் தொட முடியும் என்ற இடம், முழுப் பழுப்பு. உங்கள் வண்டியிலும் கதவுக் கைப்பிடிக்குக் கீழே, கீல்களின் அடியில், கூரை விளிம்புக்கு உள்ளே கறை அதிகமாக இருக்கும், பாருங்கள். மழை கழுவாத இடத்தை நாம்தான் கழுவ வேண்டும்.

இரும்பு நார் விஷயத்துக்கு வருகிறேன். மைத்துனர் நல்லெண்ணத்தோடுதான் செய்தார், ஆனால் எவர்சில்வருக்குச் செய்யக்கூடாத காரியங்களில் இதுதான் முதல். நாரிலிருந்து உடைந்த பொடி இரும்புத் துகள்கள் தகட்டின் வரிகளுக்குள் போய் ஒட்டிக்கொண்டு துருப்பிடிக்கின்றன. போதாததற்குக் கீறல்கள் ஆழமாகி, உப்பு தங்க இடம் கூடுகிறது. கம்பி பிரஷ், சாதாரண இரும்பைத் தேய்த்த அதே கிரைண்டர் சக்கரம் எல்லாம் இந்தக் கணக்குதான்.

சரி செய்யும் முறை இது. நிழலில், தகடு சூடில்லாத நேரத்தில் செய்யுங்கள். முதலில் சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியும் கொண்டு எண்ணெய், மீன் செதில், தூசு அனைத்தையும் எடுத்துவிடுங்கள். இப்போது ஒரு கறையை நகத்தால் நெருடிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போனால் மேற்கறைதான். நகம் குழியில் தடுக்கினால் அரிப்பு உள்ளே போயிருக்கிறது. அந்தக் குழிகளைத் தேய்ப்பால் மட்டும் போக்க முடியாது.

மேற்கறைக்கு, ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் 100 கிராம் சிட்ரிக் ஆசிட் தூளைக் கரைத்து, பழைய பருத்தித் துணியை அதில் நனைத்துத் தகட்டின்மேல் ஒட்ட விரியுங்கள். இருபது நிமிடம் காயவிடாமல் அவ்வப்போது நனைத்துக்கொண்டே இருங்கள். இரும்புத் துகள்களை இது கரைத்தெடுக்கும், குரோமியத் தோல் மறுபடி வளர வழிவிடும். தொழிற்சாலைகளிலும் சிட்ரிக் ஆசிட்டை இதே வேலைக்குப் பயன்படுத்துகிறார்கள். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். பிறகு நன்றாக அலசுங்கள். கழிவறை கழுவும் ஆசிட்டையோ பிளீச்சிங் பவுடரையோ மட்டும் கிட்டே கொண்டுவராதீர்கள்; இரண்டிலும் இருப்பது நாம் விரட்டப் பார்க்கும் அதே குளோரின் வகை. மீன் பெட்டியைப் பிளீச்சிங் போட்டுக் கழுவும் பழக்கம் நம் பக்கத்தில் நிறைய உண்டு. கிருமிக்காக அதைத் தவிர்க்க முடியாவிட்டால், உடனே நல்ல தண்ணீரால் பலமுறை அலசிவிடுங்கள், அப்படியே ஊற விடாதீர்கள்.

இனி, மைத்துனர் போட்ட கீறல்கள். பெயிண்ட் இல்லாத தகட்டில் உற்றுப் பார்த்தால் மெல்லிய வரிகள் ஒரே திசையில் ஓடும். ஆலையில் பட்டையால் தேய்த்து உண்டாக்கிய வரிகள் அவை. புதுக் கீறலை மறைப்பது என்றால் அந்த வரிகளை மறுபடி வரைவது. பாத்திரம் தேய்க்கும் பச்சை நைலான் நார் போன்ற இரும்பில்லாத பட்டை போதும். புதிதாக வாங்குங்கள், சமையலறையில் இரும்புச் சட்டி தேய்த்ததை எடுக்காதீர்கள். அதை ஒரு தட்டையான மரக்கட்டையில் சுற்றுங்கள். வரி ஓடும் திசையிலேயே, தகட்டின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புவரை, நடுவில் நிறுத்தாமல் ஒரே இழுப்பாக இழுங்கள். வட்டமாகத் தேய்த்தீர்களானால் வெயில் பட்டதும் சிலந்தி வலைபோல் தெரியும், அதை எடுக்க முழுத் தகட்டையும் மறுபடி செய்ய வேண்டிவரும். கீறல் உள்ள இடத்தை மட்டும் தேய்த்தாலும் அங்கே திட்டு விழும். முதலில் கண்ணில் படாத ஒரு மூலையில் பத்து இழுப்பு இழுத்துப் பார்த்துக் கை பழகிக்கொள்ளுங்கள். கரடுமுரடான தாள் வேண்டாம். கடற்கரையில் தகடு எவ்வளவு வழவழப்போ அவ்வளவு நல்லது. சொரசொரப்பில்தான் உப்பு உட்காரும். வேலை முடிந்ததும் இன்னொரு முறை சிட்ரிக் ஆசிட் துணி, அலசல், உலர்ந்த துணியால் துடைப்பு.

வெல்டிங் வைத்த இடங்களைத் தனியாகப் பாருங்கள். நீலமும் பழுப்புமாக வானவில் நிறம் அப்படியே இருந்தால், பட்டறையில் வேலையை முடிக்காமல் அனுப்பியிருக்கிறார்கள் என்று பொருள். அந்த நிறத்துக்கு அடியில் குரோமியம் குறைந்திருக்கும், துரு முதலில் அங்கேதான் பிடிக்கும். அதை எடுக்கும் பசையில் ஹைட்ரோஃபுளோரிக் ஆசிட் இருக்கும், எலும்புவரை பாதிக்கும் கொடிய பொருள் அது. வீட்டில் செய்யாதீர்கள், பட்டறையிலேயே செய்து தரச் சொல்லுங்கள். தகட்டைச் சட்டத்தோடு சேர்க்கும் போல்ட்டுகள் சாதாரண இரும்பாக இருந்தால் எவர்சில்வர் போல்ட்டாக மாற்றுங்கள். உப்பு ஈரத்தில் இரண்டு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருந்தால் எளிதில் அரிபடும் உலோகம் வேகமாகத் தேயும், அதன் துரு வழிந்து எவர்சில்வரைக் கறையாக்கும்.

பராமரிப்பில் நம் மாவட்டத்துக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. ‘வாரம் ஒருமுறை கழுவுங்கள்’ என்று எந்தப் புத்தகமும் சொல்லிவிடும். எந்தத் தண்ணீரில்? போர் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊரில் அதைக் கொண்டு கழுவிக் காயவிட்டால், உப்பை வாரிப் பூசியதற்குச் சமம். குடிநீருக்கே வரிசையில் நிற்பவர்களிடம் வண்டிக்கு நூறு லிட்டர் செலவழியுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அது தேவையும் இல்லை. அழுக்கைப் போர் தண்ணீரிலேயே கழுவுங்கள். காய்வதற்குள் ஒரு வாளி காவிரிக் குடிநீரோ சேமித்த மழைநீரோ எடுத்து, துணியை நனைத்துப் பிழிந்து, மேலிருந்து கீழாகத் துடைத்துவிட்டு, உலர்ந்த துணியால் ஒற்றிவிடுங்கள். ஒரு வாளி போதும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக் காலத்தில் விசைப்படகுகள் கரையிலேயே நிற்கும். உங்கள் வண்டியும் அதிகம் ஓடாது. அப்போது தார்ப்பாயை இறுக்கிக் கட்டி மூடிவிடாதீர்கள். உள்ளே உப்பும் ஈரமும் அடைபட்டுக்கொள்ளும். கழுவித் துடைத்து, காற்று புகும் கூரைக்குக் கீழே விடுங்கள்.

ஏமாற்றினார்களா என்ற கேள்விக்கு நேர்மையாகச் சொல்வதானால், கறையை வைத்து மட்டும் முடிவு கட்ட முடியாது. எவர்சில்வரில் பல ரகங்கள் உண்டு, எண்ணால் குறிப்பார்கள். 304 ரகத்தில் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கின்றன. அதுவே கவனிப்பில்லாமல் பாம்பனில் நின்றால் கறை பிடிக்கும். 202 போன்ற இருநூறு வரிசையில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்திருப்பார்கள், விலை குறைவு, கடற்கரைக்குத் தாங்காது. இந்தக் கரைக்குப் பொருத்தமானது 316. 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்ந்திருப்பதால் குளோரைடை நன்றாக எதிர்க்கும், விலையும் கூடுதல். பட்டறைக்காரர் எந்த ரகமென்று சொல்லாமல் ‘ஆயுசுக்கும்’ என்று வாக்குக் கொடுத்தது தவறு. நீங்கள் ரசீதில் ரகத்தை எழுதி வாங்காதது உங்கள் பக்கத்தைப் பலவீனமாக்குகிறது.

வழக்குக்கு வழி இருக்கிறது. வியாபாரத்துக்கு வாங்கிய பொருளுக்கு நுகர்வோர் சட்டம் பொருந்தாது என்று சிலர் பயமுறுத்துவார்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் வாங்கியவரையும் நுகர்வோராகவே ஏற்கிறது. நீங்களே ஓட்டி, நீங்களே விற்கும் வண்டி என்பதைப் புகாரில் தெளிவாக எழுதுங்கள். முதலில் ஒரு சிறு துண்டைச் சோதனைக் கூடத்தில் கொடுத்து ரகம் என்னவென்று எழுத்தில் வாங்குங்கள். பிறகு பட்டறைக்குப் பதிவுத் தபாலில் கடிதம். பலனில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண், அதன்பின் இராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். ஐந்து லட்சம் ரூபாய்வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது.

கேள்வி: காந்தம் ஒட்டவில்லை, ஆகவே இது அசல் 304 என்கிறார் தகடு விற்பவர். நம்பலாமா? (தொண்டி)

பதில்: நம்பாதீர்கள். 202-லும் காந்தம் ஒட்டாது. 304-ஐ வளைத்து மடித்த மூலையில் லேசாக ஒட்டவும் செய்யும். காந்தம் பிரித்துக் காட்டுவது 430 போன்ற நிக்கல் இல்லாத ரகங்களை மட்டும்தான். ஆலைச் சோதனைச் சான்றிதழைக் கேளுங்கள். அதிலுள்ள ஹீட் எண் (எந்த உருக்குத் தொகுதியில் வார்த்தது என்று காட்டும் எண்) தகட்டின் மேலோ பாதுகாப்புத் தாளின் மேலோ அச்சிட்ட எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். ரசீதில் ‘304’ அல்லது ‘316’ என்று எண்ணோடு எழுதச் சொல்லுங்கள். வெட்டியதில் மிஞ்சும் உள்ளங்கையளவு துண்டைக் கேட்டு வாங்கி, ரசீதோடு பத்திரப்படுத்துங்கள். நாளைக்குத் தகராறு வந்தால் வண்டியை அறுக்காமலே சோதிக்கலாம்.

கேள்வி: துபாயில் பெயிண்ட் இல்லாத, டெஸ்லா நிறுவனத்தின் சைபர்டிரக் வண்டியைப் பார்த்தேன். ஊருக்குத் திரும்பியதும் அதுபோல என் ஜீப்புக்கு வெறும் எவர்சில்வர் பாடி போட ஆசை. (கீழக்கரை)

பதில்: ஆசையைக் குறை சொல்ல மாட்டேன். 1981 முதல் 1983 வரை வட அயர்லாந்தில் தயாரான டெலோரியன் கார் 304 தகட்டில், பெயிண்ட் இல்லாமலே வந்தது. நன்றாகக் கவனிக்கப்பட்டவை இன்றும் அழகாக ஓடுகின்றன. சைபர்டிரக் 2023 நவம்பரில் வாங்கியவர்கள் கைக்கு வந்தது, சில மாதங்களிலேயே ஆரஞ்சுப் புள்ளிகள் என்று சிலர் புகார் சொன்னார்கள். பறவை எச்சம், செத்த பூச்சி, தார், எண்ணெய் எது பட்டாலும் உடனே துடைக்கும்படி அதன் கையேடே சொல்கிறது.

ஒன்றை யோசியுங்கள். பெயிண்ட் வண்டியில் ஒடுக்கு விழுந்தால் டிங்கரிங் செய்து, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்து மறைத்துவிடலாம். வெறும் தகட்டில் பட்டி வைக்க முடியாது. தட்டத் தட்ட அந்த உலோகம் இன்னும் இறுகும். கைதேர்ந்தவர் கிடைக்காவிட்டால் தகட்டையே மாற்ற வேண்டும். மாற்றிய தகட்டின் வரி பக்கத்துத் தகட்டோடு ஒத்துப்போவதும் கடினம். இந்தச் செலவுக்கும் வாராவாரம் துடைக்கவும் தயார் என்றால் 316-இல் செய்யுங்கள். கீழக்கரையில் அதற்குக் குறைந்த ரகத்தில் நான் செய்யச் சொல்ல மாட்டேன்.

கேள்வி: எவர்சில்வர் பெட்டிக்கு இப்போது பெயிண்ட் அடித்துவிடலாமா? (மண்டபம்)

பதில்: அடிக்கலாம், அவமானம் ஒன்றுமில்லை. 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்திலேயே எவர்சில்வர் கம்பியைக் கான்கிரீட்டுக்குள் வைத்தார்கள். வெளியே தெரியும் எஃகுக்குத் துருவைத் தடுக்கும் பாலிசிலாக்சேன் பூச்சு கொடுத்தார்கள். ஆனால் வழவழப்பான தகட்டில் சாதாரண பெயிண்ட் பிடிக்காது, செதில் செதிலாக உரியும். உப்பைக் கழுவி, லேசாகச் சொரசொரப்பாக்கி, எண்ணெய்ப் பசை நீக்கி, இரண்டு டப்பா கலக்கும் எபாக்ஸி பிரைமர் அடித்த பிறகுதான் மேல் பெயிண்ட். பனிக்கட்டியும் மீனும் தொடும் உள்பக்கத்துக்கு அடிக்காதீர்கள். தகட்டோடு வந்த பாதுகாப்பு பிளாஸ்டிக் தாள் இன்னும் ஒட்டியிருந்தால் முதலில் அதை உரித்துவிடுங்கள். வெயிலில் நாளாக நாளாகப் பசை இறுகி, பிய்த்தால் தாள் துண்டு துண்டாக வரும், விளிம்புக்கு அடியில் உப்புத் தண்ணீரும் தேங்கும்.