கேஷ்பேக்கா, வட்டியா: 3 லட்சத்தை எங்கே வைப்பது?

கேள்வி: என் சேமிப்புக் கணக்கில் 3 லட்சம் இருக்கிறது. வட்டி 2.5%தான். ஆனால் அந்த வங்கியின் டெபிட் கார்டில் செலவு செய்தால் 1% கேஷ்பேக் உண்டு, மாதத்துக்கு அதிகபட்சம் 150. மாதம் 15,000க்கு மேல் கார்டில்தான் செலவு செய்கிறேன், அதனால் முழுத் தொகையும் வந்துவிடுகிறது. கார்டுக்கு ஆண்டுக் கட்டணம் 300. குறைந்தபட்ச இருப்பு 25,000. இன்னொரு வங்கியில் 5% வட்டி, கேஷ்பேக் கிடையாது. மாதாமாதம் வரும் 150ஐ விட மனம் வரவில்லை. மாறலாமா, சார்?

பதில்: உங்கள் தயக்கம் எனக்குப் புரிகிறது. கேஷ்பேக் வந்தால் உடனே போனில் செய்தி வருகிறது, ஆப்பைத் திறந்ததும் பச்சை எழுத்தில் தெரிகிறது. வட்டியோ பாஸ்புக்கில் எங்கோ ஒரு வரியில் வரவு வைக்கப்பட்டிருக்கும். வராமல் போன வட்டிக்கு அந்த ஒரு வரிகூடக் கிடையாது. அதனால்தான் 150 பெரிதாகத் தெரிகிறது.

சரி, கணக்குக்கு வருவோம். கேஷ்பேக் ஆண்டுக்கு 1,800. கார்டு கட்டணம் 300ஐக் கழித்தால் கையில் நிற்பது 1,500. உங்கள் 3 லட்சத்துக்கு 2.5% வட்டி 7,500. ஆக மொத்தம் 9,000. அதே பணம் 5% தரும் கணக்கில் இருந்தால் 15,000. மாதம் 150 கிடைக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். உண்மையில் மாதம் 500 விட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

இதற்காகக் கேஷ்பேக் கணக்கே மோசம் என்று சொல்ல மாட்டேன். கேஷ்பேக் உங்கள் செலவைப் பார்த்து வருவது, வட்டி உங்கள் இருப்பைப் பார்த்து வருவது. கணக்கில் 30,000 வைத்திருந்தாலும் 3 லட்சம் வைத்திருந்தாலும் கேஷ்பேக் அதே 150தான். அப்படியானால் எந்த இருப்பு வரை கேஷ்பேக் ஜெயிக்கும்? ஆண்டில் கையில் நிற்கும் கேஷ்பேக்கை வட்டி வித்தியாசத்தால் வகுத்துப் பாருங்கள். உங்கள் விஷயத்தில் 1,500ஐ 2.5%ஆல் வகுத்தால் 60,000. அதற்குக் கீழே இருப்பு வைப்பவருக்குப் பழைய கணக்கே லாபம். நீங்கள் அதைப் போல ஐந்து மடங்கு வைத்திருக்கிறீர்கள்.

வட்டிக்கு வரி கட்ட வேண்டியிருந்தால் இந்த 60,000 என்ற கோடு சற்று மேலே நகரும். உதாரணமாக, வட்டியில் ஐந்தில் ஒரு பங்கு வரிக்குப் போய், கேஷ்பேக்குக்கு வரி இல்லை என்றால், 2.5% வித்தியாசம் 2% ஆகிவிடும். கோடு 75,000க்குப் போகும். அப்போதும் உங்கள் முடிவு மாறாது.

ஆனால் இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்று யார் சொன்னது? பழைய கணக்கில் 25,000 மட்டும் விட்டுவிட்டு 2,75,000ஐப் புதிய கணக்குக்கு மாற்றுங்கள். பழையதில் வட்டி 625, கேஷ்பேக் 1,500. புதியதில் வட்டி 13,750. மொத்தம் 15,875. மூன்று வழிகளில் இதுதான் அதிகம்.

இதில் ஒரு இடத்தில் கவனம் வேண்டும். மாதச் செலவு 15,000 போய்விட்டால் இருப்பு 25,000க்குக் கீழே இறங்கிவிடக் கூடாது. இருப்பு குறைந்ததற்கான அபராதம் ஒருமுறை விழுந்தாலே பல மாதக் கேஷ்பேக்கைத் தின்றுவிடும். சம்பளம் அந்தக் கணக்குக்கே வருகிறது என்றால், மாதச் செலவுக்கானதை 25,000க்கு மேலாக அங்கேயே விட்டு, மீதியை மட்டும் மாற்றுங்கள்.

புதிய வங்கியிடம் கணக்குத் தொடங்கும் முன் கேளுங்கள்: அந்த 5% முழு இருப்புக்குமா, குறிப்பிட்ட தொகைக்கு மேல் உள்ள பகுதிக்கு மட்டுமா? ஆரம்பச் சலுகையா, அப்படியானால் எந்தத் தேதி வரை? வட்டியைத் தினசரி இருப்பில் கணக்கிடுகிறார்களா, மாதத்தின் குறைந்த இருப்பிலா? கடைசிக் கேள்வியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். குறைந்த இருப்பில் கணக்கிடும் கணக்கில் ஒரே ஒரு நாள் பெரிய தொகையை எடுத்துத் திரும்பப் போட்டாலும் அந்தத் தொகைக்கான அந்த மாத வட்டி முழுவதும் அடிபடும். வங்கி முடங்கினால் உங்கள் பணத்தைத் திருப்பித் தரும் டெபாசிட் காப்பீடு உண்டா, எவ்வளவு வரை என்பதையும் பார்த்துவிடுங்கள். அது இல்லாத இடத்தில் எவ்வளவு வட்டி கொடுத்தாலும் நான் போகச் சொல்ல மாட்டேன்.

அப்புறம், ஒரு வேண்டுகோள். மாதம் 12,000தான் செலவு என்றால் 120 வரட்டும், விடுங்கள். மீதி 30ஐப் பிடிப்பதற்காகத் தேவையில்லாமல் இன்னும் 3,000க்கு எதையாவது வாங்காதீர்கள். என்னிடம் வருகிறவர்களில் பலர் இந்த இடத்தில்தான் பணத்தை விடுகிறார்கள், அதைப் பார்க்கும்போது உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். கேஷ்பேக்குக்குப் பதிலாகப் புள்ளிகள் தரும் கணக்கு என்றால் இன்னும் உஷார் தேவை. ஒரு புள்ளிக்குக் கையில் எவ்வளவு வரும், எப்போது காலாவதியாகும் என்று தெரியாமல் அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இந்த வாரமே புதிய கணக்கைத் தொடங்கிவிடுங்கள். முதலில் சிறு தொகையை அனுப்பி, அதைத் திரும்ப எடுக்கவும் முடிகிறதா என்று பார்த்த பிறகு மீதியை மாற்றுங்கள். சலுகை வட்டி என்றால், அது முடியும் தேதியை இன்றைக்கே நாட்காட்டியில் குறித்துவையுங்கள். அன்றைக்குப் புது வட்டி விகிதத்தைப் போட்டு அந்த வகுத்தலை இன்னொரு முறை செய்து பார்க்க வேண்டும்.