நேற்றைவிட இன்று மங்கலா? உடனே கிளம்புங்கள்

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது, சர்க்கரை உண்டு. அடுத்த மாதம் கண்புரை ஆபரேஷன் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். எதிர் வீட்டுத் தாத்தாவுக்கு ஆபரேஷன் முடிந்த சில நாளில் கண்ணுக்குள் சீழ் வைத்து, பார்வையே போய்விட்டது. "எனக்கு வேண்டவே வேண்டாம், மங்கலாகவே தெரியட்டும்" என்கிறார் அம்மா. என்ன செய்வது, டாக்டர்?
- ஒரு வாசகி, போடிநாயக்கனூர்

பதில்: சும்மா பயப்படுகிறார் என்று அம்மாவை அடக்கிவிடாதீர்கள். அப்படி நடப்பது உண்மைதான். ஆனால் ஆயிரத்தில் ஒருவருக்குக்கூட வருவதில்லை. மதுரை அரவிந்த் மருத்துவமனையினர் 6 லட்சத்துக்கும் அதிகமான கண்களை ஆராய்ந்தார்கள். ஆபரேஷன் முடிவில் மாக்ஸிஃப்ளாக்சசின் மருந்தைக் கண்ணுக்குள் செலுத்தியபோது, 10,000-க்கு 7 என்றிருந்த தொற்று சுமார் 2 ஆகக் குறைந்தது.

கிருமி பெரும்பாலும் நோயாளியின் இமையிலும் இமைமுடியிலும் இருந்துதான் உள்ளே போகிறது. அதனால்தான் கத்தி வைக்கும் முன் கண்ணில் போவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினியை விடுகிறோம். அம்மாவுக்குக் கண்ணில் ஓயாமல் நீர் வடிகிறதா, பீளை கட்டுகிறதா? முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கண்ணீர்ப்பையில் சீழ் இருந்தால் அதைச் சரிசெய்த பிறகுதான் ஆபரேஷன். சர்க்கரையும் கட்டுக்குள் வரட்டும்.

நான் அதிகம் கவலைப்படுவது வீட்டுக்குப் போன பிறகு வரும் முதல் வாரத்தைப் பற்றித்தான். லேசான உறுத்தல், நீர் வடிதல், கொஞ்சம் சிவப்பு எல்லாம் இருக்கும், நாளுக்கு நாள் குறையவும் வேண்டும். குறைந்து வந்தது திடீரென்று கூடினால், இமை வீங்கினால், நேற்றுத் தெரிந்த காலண்டர் தேதி இன்று தெரியாமல் போனால், அன்றே கிளம்புங்கள். வலியே இல்லாமல் பார்வை மட்டும் மங்குவதும் உண்டு. சிலருக்குக் கருவிழியின் அடியில் பிறை போல வெள்ளையாகச் சீழ் தேங்கியிருப்பது டார்ச் வெளிச்சத்திலேயே தெரியும்.

"திங்கட்கிழமைதானே வரச் சொன்னார்கள்" என்று காத்திருந்து வருபவர்களைப் பார்க்கும்போது மனசு ரொம்பக் கஷ்டப்படுகிறது. கண்ணுக்குள் நேரடியாக ஆன்டிபயாடிக் ஊசி போட வேண்டிய தொற்று இது. வீட்டில் இருக்கும் சொட்டு மருந்து அவ்வளவு ஆழம் போய்ச் சேராது. ஒரு ராத்திரி தள்ளிப்போட்டாலும் பார்வை போய்விடலாம்.

சொட்டு மருந்து விடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். பாட்டில் மூக்கு இமையிலோ முடியிலோ படக்கூடாது. கீழிமையை இழுத்துப் பிடித்து, மேலே இருந்து ஒரு சொட்டு விட்டால் போதும். டாக்டர் சொல்லும் வரை தலைக்கு ஊற்ற வேண்டாம். தாய்ப்பால், விளக்கெண்ணெய் என்று யார் சொன்னாலும் கண்ணில் விடாதீர்கள்.

அம்மாவிடம் இதையெல்லாம் விவரமாகச் சொல்லுங்கள், சம்மதிப்பார். புரையை அப்படியே விட்டால் முற்றும், அப்புறம் ஆபரேஷனும் கடினமாகும். டிஸ்சார்ஜ் சீட்டில் ராத்திரியிலும் எடுக்கிற போன் நம்பர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் புறப்படுங்கள்.