தப்பான மதிப்புக்கும் பாஸ் ஆகும் டெஸ்ட்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜாவாஸ்கிரிப்ட் கோடைச் சோதிக்கும் ஜெஸ்ட் கருவியில், ஏபிஐ அழைப்புகளுக்கு (சர்வரிடம் தகவல் கேட்கும் அழைப்புகள்) டெஸ்ட் எழுதுகிறேன். ஒன்றில் எதிர்பார்க்கும் பெயரை வேண்டுமென்றே தப்பாகக் கொடுத்தேன். அப்போதும் பாஸ் ஆகிறது. ‘டன்’ கால்பேக் (டெஸ்ட் முடிந்தது என்று ஜெஸ்ட்டுக்குச் சொல்ல நாம் அழைக்கும் ஃபங்ஷன்) வைத்து எழுதிய இன்னொன்று 5000 மில்லிசெகண்ட் தாண்டிவிட்டது என்று ஃபெயில் ஆகிறது. டைம்அவுட்டை 30 விநாடி ஆக்கியும் பயனில்லை. சர்வர்தான் மெதுவா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சர்வரை விட்டுவிடுங்கள். வெறும் தாமதம் என்றால் 30 விநாடிக்குள் பதில் வந்திருக்கும். இரண்டிலும் கோளாறு ஒன்றுதான்: மதிப்பைச் சரிபார்க்கும் எக்ஸ்பெக்ட்டின் முடிவு ஜெஸ்ட்டுக்குப் போய்ச் சேரவில்லை.

முதல் டெஸ்ட்டில் எக்ஸ்பெக்ட்டை, பதில் வந்தபின் ஓடும் ‘தென்’னுக்குள் வைத்து, அந்தப் பிராமிஸை (பின்னால் வரப்போகும் பதிலைக் குறிக்கும் பொருள்) ரிட்டர்ன் செய்யாமல் விட்டிருப்பீர்கள். ஃபங்ஷன் ஒன்றும் தராமல் முடிந்ததுமே ஜெஸ்ட் பாஸ் போட்டுவிடும்; பதில் வந்து எக்ஸ்பெக்ட் ஓடுவது அதற்குப் பிறகு. ஃபங்ஷனை அசிங்க் ஆக்கி, அழைப்புக்கு முன் அவெயிட் போடுங்கள்; பதில் வரும்வரை அது காத்திருக்கும். பிராமிஸ் தோல்வியில் முடிவதைச் சோதிக்க ‘ரிஜெக்ட்ஸ்’ வைத்து எழுதும் எக்ஸ்பெக்ட் வரிக்கும் அவெயிட் கட்டாயம். பலரும் கோட்டை விடுவது அங்கேதான். பட்டியலைச் சுற்றிவரும் ஃபார்ஈச்சுக்குள் அசிங்க் ஃபங்ஷன் கொடுத்தாலும் யாரும் காத்திருக்க மாட்டார்கள். ஃபார்-ஆஃப் லூப் எழுதுங்கள்.

இரண்டாவதில், எக்ஸ்பெக்ட் ஃபெயில் ஆனால் எரர் எறியும். அதற்கு அடுத்த வரியில் உள்ள டன் ஓடவே ஓடாது. ஜெஸ்ட் கடைசிவரை காத்திருந்து டைம்அவுட் என்கிறது, எந்த மதிப்பு பொருந்தவில்லை என்ற உண்மையான செய்தி மறைந்துபோகிறது. கால்பேக்கை விட முடியாத பழைய லைப்ரரி என்றால் எக்ஸ்பெக்ட்டை ட்ரைக்குள் வைத்து, கேட்சில் பிடித்த எரரை டன்னுக்குக் கொடுங்கள். மற்ற எல்லா இடத்திலும் டன்னை எடுத்துவிடுவதே நல்லது. டன்னையும் அசிங்க்கையும் ஒரே டெஸ்ட்டில் கலந்தால் இப்போதைய ஜெஸ்ட் ஏற்பதில்லை.

பிழை வருவதைச் சோதிக்கும் டெஸ்ட்களில் முதல் வரியாக ‘எக்ஸ்பெக்ட்.அசர்ஷன்ஸ்(1)’ எழுதுங்கள்; ஓர் எக்ஸ்பெக்ட் ஓடியே ஆக வேண்டும் என்று பொருள். கேட்சுக்குள் போகாமலே முடிந்தால் அது காட்டிக்கொடுக்கும். 404, 500 போன்ற பிழை ஸ்டேட்டஸ் வந்தாலும், சர்வரை அழைக்கும் ஃபெட்ச் ரிஜெக்ட் ஆகாது, நெட்வொர்க் தொடர்பு அறுவது போன்ற கோளாறுகளில்தான் ஆகும் என்பதால் இந்த ஒரு வரிக்கு மதிப்பு அதிகம். ஸ்டேட்டஸுக்கு ரெஸ்பான்ஸின் ‘ஓகே’வைப் பாருங்கள்.

திருத்தியபின் அதே தப்பான பெயரைத் திரும்பக் கொடுத்து ஓட்டுங்கள். எதிர்பார்த்தது பச்சையிலும் வந்தது சிவப்பிலும் அடுத்தடுத்துத் தெரிய வேண்டும். அப்போதும் டைம்அவுட் வந்தால், போலி டைமர் (ஜெஸ்ட் தரும் செயற்கைக் கடிகாரம்) இயக்கத்தில் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால், மறுமுயற்சிக்காகக் கோடில் வைத்த செட்டைம்அவுட் தானாக நகராது. ‘அட்வான்ஸ்டைமர்ஸ்பைடைம்அசிங்க்’ கொண்டு நீங்கள்தான் நகர்த்த வேண்டும்.