சேறும் சீக்கிர இருட்டும்

கேள்வி: டிசம்பர் கடைசியில் இங்கிலாந்தின் காட்ஸ்வோல்ட்ஸ் பகுதியில் ஒரு கிராமத்தில் காட்டேஜ் எடுத்துத் தங்குகிறோம். வயல்வெளிகளில் நடக்க என்ன தேவை?

பதில்: குளிரைவிடச் சேறுதான் பாடாய்ப் படுத்தும். பூட்ஸில் களிமண் அப்பிக்கொண்டால் நடை பாதியாகிவிடும். அங்கே அப்போது மாலை 4 மணி வாக்கிலேயே சூரியன் மறைந்துவிடும்; காலை 10 மணிக்குள் கிளம்புங்கள், 8 கிலோமீட்டர் போதும். டார்ச் கட்டாயம். பிரிட்டனின் வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 1:25,000 வரைபடத்தில் விட்டு விட்டு வரும் பச்சை நிறக் கோடுகள் பொதுப்பாதைகள். வழிக்கம்பத்தில் மஞ்சள் அம்பு நடப்பவர்களுக்கு. நீல அம்பு குதிரைகளும் போகும் பாதை, குளம்பு பட்டு உழுத வயல்போலக் கிடக்கும். செல்போனை உள்பையில் வையுங்கள், குளிரில் பேட்டரி மளமளவென்று இறங்கும். திரும்பியதும் நனைந்த பூட்ஸைக் கணப்பருகே வைக்காதீர்கள். தோல் வெடிக்கும், அடிப்பாகத்தின் பசை விட்டுவிடும். செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து, ஈரம் ஏறியதும் மாற்றுங்கள்.